பியர் ஃபெர்மென்டரின் மூடி சரியாக அமரவில்லையா? கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்குபவர்களின் கைக்கு ஃபெர்மென்டராக, அதாவது பியர் நொதிக்கும் கலனாக, முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் 30 லிட்டர் கொள்ளளவுள்ள உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளியோ, திருகுமூடி கொண்ட பிளாஸ்டிக் பீப்பாயோதான். இவ்வழிகாட்டி அந்த இரண்டுக்கும் உரியது. அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஃபெர்மென்டர்களுக்கு இம்முறைகள் பொருந்தா. அவற்றின் மூடிக்கு அதே நிறுவனத்தின் உதிரிபாகத்தைத் தவிர வேறெதையும் பொருத்தக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பியர் தயாரிக்கச் சட்டம் இடம் தரும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

மூடி கசிகிறது என்று தெரிந்தவுடன் புதியவர்கள் செய்யும் முதல் வேலை புது கேஸ்கட், அதாவது மூடியின் பள்ளத்தில் அமர்ந்து இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம், வாங்குவது. அது வந்து சேர்ந்து, மாட்டிப் பார்த்தும் கசிவு நிற்காமல் போன பிறகுதான் வேறு இடங்களைப் பார்க்கிறார்கள். கசிவு ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவைத் தண்ணீர் வழியாக வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் சிறு குழாய்) செருகும் துளையிலோ வாளியின் விளிம்பில் உள்ள பிசிறிலோ இருந்தால், எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் பயன் இராது. ஆகவே கீழே சொல்லப்படும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. கசிவு இப்போது கெடுதல் செய்கிறதா என்று தீர்மானியுங்கள்

ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்றால் வாயு வேறு வழியாகப் போகிறது என்று கொள்ளலாமே தவிர, நொதித்தல் நின்றுவிட்டது என்று கொள்ளக் கூடாது. ஏர்லாக்கில் நிற்பது 2 அல்லது 3 செ.மீ. உயரத் தண்ணீர். அதைத் தள்ளிக்கொண்டு போவதைவிட எளிதான இடைவெளி எங்கே இருந்தாலும் கரியமில வாயு அதன் வழியாகவே வெளியேறும். ஈஸ்ட் வேலை செய்கிறதா என்பதைத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மட்டுமே உறுதியாகச் சொல்லும். 1.048 அளவில் தொடங்கிய வோர்ட் (பியராக மாறவிருக்கும் இனிப்பான மால்ட் சாறு) மூன்று நாளில் 1.020 ஆக இறங்கியிருந்தால், குமிழியே காணாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது. இதைப் பார்க்காமல் மறுபடியும் ஈஸ்ட் தூவுவதும், மூடியைத் திறந்து திறந்து எட்டிப் பார்ப்பதும்தான் அதிகம் நடக்கும் தவறுகள்.

23 லிட்டர் வோர்ட் 1.048 இலிருந்து 1.010 வரை இறங்கும்போது 400 லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு உண்டாகிறது. அவ்வளவு வாயு இடைவிடாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும் முதல் சில நாள்களில், சிறிய இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே வருவது கடினம். சில நிறுவனங்கள் ஏர்லாக்கே இல்லாமல், மூடியின் ஓரமாக வாயு வெளியேறும்படி ஃபெர்மென்டர் செய்து விற்பதற்கும் இதுவே காரணம். உங்களுடையது அந்த வகை என்றால், சரிசெய்ய எதுவுமே இல்லை.

தொல்லை பிற்பாடு வருகிறது. வாயு உற்பத்தி ஓய்ந்து பியர் தெளிவதற்காக நிற்கும் நாள்களிலும், குளிரூட்டும்போதும், அதே இடைவெளி வழியாக ஆக்சிஜன் உள்ளே புகுந்து பியரின் சுவையைக் கெடுக்கும். பழ ஈக்களும் அந்த விளிம்பைத் தேடி வரும். அவை சுமந்து வரும் பாக்டீரியா பியரைப் புளிக்காடியாக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஃபெர்மென்டரிலேயே வைப்பவர்களும், குளிரூட்டித் தெளிய வைப்பவர்களும் கசிவைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். நொதித்தல் முடிந்த உடனே பாட்டிலில் அடைப்பவர்கள் அவ்வளவு பதற வேண்டியதில்லை.

2. வேலையைத் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஃபெர்மென்டர் காலியாக இருக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். பியர் உள்ளே இருக்கையில் மூடியைக் கழற்றிப் பழுது பார்த்தால், தடுக்க நினைத்த காற்றை நாமே உள்ளே விட்டவர்கள் ஆவோம்.

எஸ் வடிவ ஏர்லாக் ஒன்று தேவை. மூன்று பாக ஏர்லாக்கை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தினாலும், சோதனைக்கு எஸ் வடிவமே ஏற்றது. அதன் இரு பக்க நீர்மட்டத்தையும் வெளியிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதோடு ஏர்லாக் துளைக்கான ரப்பர் வளையம் ஒன்று உபரியாக, மார்க்கர் பேனா, டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், கறை நீக்கும் சோடியம் பெர்கார்பனேட் தூள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய 400 எண் உப்புத்தாள், வெர்னியர் காலிபர் ஆகியவை போதும். கேஸ்கட்டை இப்போதே வாங்க வேண்டாம். அளவு தெரியாமல் வாங்கிய கேஸ்கட் பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கும்.

3. கழற்றி, கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள்

கேஸ்கட்டையும் ஏர்லாக் ரப்பரையும் கழற்றுங்கள். ஊசி, ஸ்குரூடிரைவர் போன்றவற்றால் நெம்பக் கூடாது. விரல் நுனியால் ஓரிடத்தில் கிள்ளித் தூக்கினால் மீதியும் வந்துவிடும். மூடியில் கேஸ்கட் அமரும் பள்ளத்தைப் பார்த்தால், காய்ந்த நுரையும் சர்க்கரையும் பழுப்பு நிறத்தில் ஆங்காங்கே ஒட்டியிருக்கும். அரை மி.மீ. தடிப்புள்ள அந்தப் பொருக்கு ஒன்றே கேஸ்கட்டைத் தூக்கி நிறுத்தக் கசிவு உண்டாகப் போதும்.

வெதுவெதுப்பான 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் கரைத்து, எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு பிரஷால் பள்ளத்தைச் சுற்றித் தேய்த்து அலசுங்கள். கம்பி நார் கூடவே கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் கீறல்கள் கிருமிகள் தங்கும் இடமாகும். கொதிக்கும் நீரில் மூடியைப் போடுவதும் தவறு. நெளிந்த மூடிகளில் பல, இப்படிக் கிருமி நீக்கப் போய் நெளிந்தவைதாம்.

துடைத்து உலர்த்திய பிறகு, வாளி விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். நகத்தாலும் தடவிப் பாருங்கள். வாளியை வார்த்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறுக் கோடு விளிம்பின் மேலேறிக் கடந்து போவதுண்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாவிட்டாலும் நகம் அதில் தட்டும். தட்டிய இடங்களில் வெளிப்பக்கம் மார்க்கரால் குறியிடுங்கள். மூடியைத் திறக்க ஸ்குரூடிரைவர் பயன்படுத்தியிருந்தால், அது கடித்த பள்ளங்களும் இப்போது தெரியும்.

4. தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்

அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரை, வழக்கமாக வோர்ட் நிற்கும் மட்டம் வரை ஊற்றுங்கள். காலி வாளியில் சோதனை செய்தால் உள்ளே காற்று அதிகம் இருப்பதால் சிறிய கசிவு கண்ணில் படாமல் போகலாம். தண்ணீர் நின்றால், கீழே உள்ள குழாயின் வாஷர் சொட்டுகிறதா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ஏர்லாக் இல்லாமல் மூடியை முழுதாக மூடி, அதற்குப் பிறகே ஏர்லாக்கைச் செருகிப் பாதி வரை தண்ணீர் விடுங்கள். வரிசை மாறினால், மூடும்போது உள்ளே அடைபட்ட காற்று ஏர்லாக் தண்ணீரை வெளியே துப்பிவிடும்.

இப்போது மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். வெளிப்பக்க நீர்மட்டம் ஏறும். குமிழி வருவதற்கு முன் அழுத்தத்தை அதே அளவில் பிடித்து நிறுத்துங்கள். மூடி நன்றாக அடைத்திருந்தால் ஏறிய மட்டம் அப்படியே நிற்கும். கசிந்தால், கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே மட்டம் இறங்கிச் சமமாகிவிடும்.

அடுத்து, இரண்டு மூன்று குமிழி வெளியேறும் வரை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மூடி மேலெழும்பும், உட்பக்க நீர்மட்டம் உயர்ந்து நிற்கும். அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மட்டம் சமமானால் சரிசெய்ய வேண்டிய கசிவு இருக்கிறது. அரை மணி நேரத்தில் சிறிதளவே இறங்கியிருந்தால் அந்த மூடியை நம்பலாம். முதல் சோதனையில் தேறிய மூடி இரண்டாவதில் தவறுவதுண்டு. காற்று உள்ளே வருவதைத் தடுப்பதே நம் நோக்கம் என்பதால், இரண்டாவது சோதனையின் முடிவையே ஏற்க வேண்டும்.

இச்சோதனையை வெயில் படும் இடத்திலோ ஹீட்டருக்குப் பக்கத்திலோ செய்யாதீர்கள். உள்ளே உள்ள காற்றின் வெப்பம் 1 டிகிரி மாறினாலே நீர்மட்டம் சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்து, இல்லாத கசிவை இருப்பதுபோல் காட்டும்.

5. கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு கோப்பைத் தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பிரஷால் முதலில் ஏர்லாக் ரப்பரைச் சுற்றிப் பூசி, மூடியை மெல்ல அழுத்துங்கள். நுரைக் குமிழி வளர்ந்தால் இடம் அதுதான். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஏர்லாக்கின் தண்டு, பிறகு மூடியின் விளிம்பு என்று ஒவ்வொரு பகுதியாகப் பூசிக்கொண்டே போங்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பூசினால் குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று பிரித்தறிய முடியாது.

குமிழி ஓரிடத்தில் மட்டும் வந்தால் பிசிறு, கடி, அழுக்கு இவற்றில் ஒன்று. விளிம்பின் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் வந்தால் வாளி நீள்வட்டமாகிவிட்டது அல்லது மூடி நெளிந்துவிட்டது. சுற்றிலும் பரவலாக வந்தால்தான் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். கண்டுபிடித்த இடங்களைக் குறித்துக்கொண்டு, சோப்பு வாடை போகும்வரை எல்லாவற்றையும் நன்றாக அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் பியரில் நுரை நிற்காது.

6. ஏர்லாக் துளையைச் சரிசெய்யுங்கள்

மலிவான, எளிதான பழுது என்பதால் இதை முதலில் முடித்துவிடலாம். ரப்பர் வளையம் கெட்டிப்பட்டிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ புதிது மாற்றுங்கள். வாங்கும் முன் மூடித் துளையின் விட்டம், ஏர்லாக் தண்டின் தடிப்பு இரண்டையும் காலிபரால் அளந்துகொள்ளுங்கள்; துளைகள் எல்லா மூடியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. துளையின் ஓரத்தில் துளையிட்ட பிசிறு இருந்தால் உப்புத்தாளால் வழித்துவிடுங்கள்.

ரப்பரை முதலில் மூடியில் பொருத்தி, பிறகு ஏர்லாக் தண்டை நனைத்துத் திருகித் திருகிச் செருகுங்கள். உலர்ந்த தண்டை ஓங்கி அழுத்தினால் ரப்பர் வளையம் கழன்று வோர்ட்டுக்குள் விழும். எஸ் வடிவ ஏர்லாக்கில் இரு பாதிகள் ஒட்டிய கோடு தண்டு வரை வந்திருக்கும். அங்கே கீறல் விட்டிருந்தால் ஒட்டிப் பார்க்காமல் வேறு வாங்குவதே நல்லது.

7. விளிம்பையும் மூடியையும் சமப்படுத்துங்கள்

குறியிட்ட பிசிறின் மேல் நனைத்த உப்புத்தாளை வைத்து, விளிம்பின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள் உள்ளிருந்து வெளியே போகும் கால்வாய்களாக அமைந்துவிடும். நகத்தில் தட்டாத அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். வாளியின் உட்சுவரில் உப்புத்தாள் படக் கூடாது.

நீள்வட்டமாகிவிட்டதா என்று அறிய, வாளி வாயை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து பாருங்கள். வேறுபாடு 2 அல்லது 3 மி.மீ.க்கு மேல் போனால் கசிவுக்கு அது காரணமாகலாம். சுமையை மேலே அடுக்கி வைப்பதாலும், ஒன்றுக்குள் ஒன்றாக வாளிகளைத் திணித்து வைப்பதாலும் இது நேர்கிறது. மூடியை மாட்டியே வைத்திருந்தால் பல வாளிகள் தாமாகவே வட்டத்துக்குத் திரும்பிவிடும்.

நெளிந்த மூடியைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடம் வைத்து, இளகியதும் காலி வாளியின் மேல் பொருத்தி, முழுவதும் ஆறும்வரை எடுக்காமல் விடுங்கள். பாரம் வைப்பதானால் விளிம்பின் மேல் பரவலாக அழுந்தும்படி ஒரு பலகையை வைத்து அதன்மேல் வையுங்கள்; நடுவில் வைத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு முறை செய்தும் நெளிவு போகாத மூடியோடு மல்லுக்கட்டாமல் புதிய மூடி வாங்குவதே லாபம்.

8. கேஸ்கட்டைத் திருப்பிப் போடுங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள்

பிரஷர் குக்கர் கேஸ்கட் நாளடைவில் தட்டையாகி நீராவியை விடுவதுபோலவே, இதுவும் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தித் தட்டையாகிவிடும். மேசையின் மேல் வைத்துப் பாருங்கள். வெட்டுமுகம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சப்பையாக இருந்தால், அந்தப் பக்கம் பள்ளத்துக்குள் போகும்படி திருப்பிப் போட்டு மீண்டும் சோதியுங்கள். சில காலத்துக்கு இது போதும். மாட்டும்போது ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போனால் முடியும் இடத்தில் கேஸ்கட் முறுக்கிக்கொண்டு மேடு தட்டும். நேரெதிரான நான்கு இடங்களில் முதலில் அழுத்திவிட்டு, பிறகு இடைப்பகுதிகளை உள்ளே தள்ளுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் உங்கள் ஃபெர்மென்டருக்குரிய கேஸ்கட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காதபோது மீட்டர் கணக்கில் விற்கும் உணவுத்தரச் சிலிகான் கயிற்றை வாங்கி நாமே செய்துகொள்ளலாம். பழைய கேஸ்கட்டை அளப்பதில் பயனில்லை. அது அழுந்தி, நீண்டுபோயிருக்கும். பள்ளத்தை அளக்க வேண்டும்.

ஓர் உதாரணம். பள்ளத்தின் வெளிவிட்டம் 316 மி.மீ., உள்விட்டம் 304 மி.மீ., ஆழம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அகலம் 6 மி.மீ.; நடுக்கோட்டின் விட்டம் 310 மி.மீ.; அதை 3.1416 ஆல் பெருக்கினால் நீளம் ஏறத்தாழ 974 மி.மீ. இதைவிட 5 மி.மீ. கூட்டியே வெட்டுங்கள். சற்று நெருக்கி உட்கார்த்திய கயிறு பள்ளத்தில் தங்கும். இழுத்து உட்கார்த்தியது மெலிந்து, பிறகு சுருங்கி, இணைப்பில் விலகும்.

கயிற்றின் தடிப்பில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மூடி முழுதும் இறங்கியபின் கயிறு தன் தடிப்பில் 15 முதல் 30 சதவீதம் வரை அழுந்த வேண்டும். 4 மி.மீ. ஆழத்துக்கு 5 மி.மீ. கயிறு 20 சதவீதம் அழுந்தும், சரியான அளவு. தடித்தால் இன்னும் நன்றாக அடைக்கும் என்று நினைத்து 6 மி.மீ. கயிற்றைப் போட்டால், மூடி ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு மறுபக்கம் தூக்கி நிற்கும். ரப்பர் அழுந்தும்போது அதன் கொள்ளளவு குறைவதில்லை, பக்கவாட்டில் பிதுங்குகிறது. அதற்குப் பள்ளத்தில் இடம் இருக்க வேண்டும். 5 மி.மீ. கயிற்றின் வெட்டுமுகப் பரப்பு சுமார் 20 சதுர மி.மீ.; மேற்சொன்ன பள்ளத்தில் இருப்பது 24 சதுர மி.மீ. ஆகவே பிதுங்க இடம் மிஞ்சுகிறது. 6 மி.மீ. கயிற்றுக்கு 28 சதுர மி.மீ. தேவை, பள்ளம் அதை ஏற்காது.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். புது பிளேடால் ஒரே அழுத்தில் நேர்க்குத்தாக வெட்டுங்கள். இரு முனைகளையும் உணவோடு படத் தகுந்தது என்று குறிப்பிட்ட சிலிகான் பசையால் ஒட்டி, 24 மணி நேரம் தொடாமல் விட்டு, பசையின் புளித்த வாடை முற்றிலும் போன பிறகே பயன்படுத்துங்கள்.

கிரீஸ் பூசுவது பற்றிக் குழப்பம் நிறைய. திருகுமூடிகளில் வரும் கறுப்பு ரப்பர் ஓ-ரிங்குக்கு உணவுத்தரச் சிலிகான் கிரீஸை விரலில் பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்குப் பூசலாம்; ரப்பர் உராயாமல் அமரும். சிலிகான் கேஸ்கட்டுக்கு அதே கிரீஸைப் பூசக் கூடாது, அது கிரீஸை உறிஞ்சி உப்பிவிடும். வாசலின் சில வகை ரப்பர்களை ஊதிப்போகச் செய்யும். உங்களுடையது எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால், கிருமிநீக்கித் தண்ணீரில் நனைத்து மாட்டினாலே போதும்.

9. மூடும் முறையைத் திருத்துங்கள்

வாளி மூடியை ஓரிடத்தில் அழுத்திப் பூட்டி, பிறகு அதற்கு எதிரிடத்தைப் பூட்டி, அங்கிருந்து இருபுறமும் வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ‘டக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். திருகுமூடியை முதலில் இடப்புறமாகத் திருப்புங்கள்; மரை ஒரு தட்டுத் தட்டி விழுந்ததும் வலப்புறம் திருகுங்கள். அப்போது மரை ஏறுமாறாகப் பிடிக்காது. கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மூடி வெடிக்கும்; அடைப்பது ஓ-ரிங்தானே தவிர மரை அன்று. மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லாததற்கும் இதுவே காரணம்.

நிறைந்த வாளியைக் கைப்பிடியால் தூக்கினால் வாய் நீள்வட்டமாகிப் பூட்டு விடுபடும். ஏர்லாக் தண்ணீரும் உள்ளே இழுக்கப்படும். அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள், அல்லது வோர்ட் ஊற்றும் முன்பே வாளியை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள்.

குளியலறைச் சிலிகானால் மூடியை ஒட்டி அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், செய்யவே கூடாது. கதவிடுக்குக்கு ஒட்டும் பஞ்சு நாடாவும் ஆகாது. பியரை உறிஞ்சி அழுகும்.

10. நன்றாக அடைத்த மூடிக்கு வேண்டிய முன்னெச்சரிக்கை

கசிந்த மூடி இதுவரை உங்களுக்குத் தெரியாமலே ஒரு நன்மை செய்துகொண்டிருந்தது: ஏர்லாக் நுரையால் அடைபட்டாலும் வாயு போக வழி இருந்தது. இனி அந்த வழி இல்லை. எனவே 30 லிட்டர் வாளியில் 23 லிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். நுரை பொங்கும் கோதுமை பியர் போன்றவற்றுக்கு, முதல் சில நாள்களுக்கு ஏர்லாக்குக்குப் பதிலாக அகலத் துளையுள்ள குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைக் கிருமிநீக்கி உள்ள பாத்திரத்தில் மூழ்க வையுங்கள். இல்லாவிட்டால் மூடி வெடித்துத் திறந்து, சுவரெல்லாம் நுரை தெறிக்கும்.

20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் குளிரூட்டும்போது மேலே உள்ள வாயு சுமார் 6 சதவீதம் சுருங்கும். போதாததற்குக் குளிர்ந்த பியர் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருப்பதால் ஏர்லாக் வழியாகவே உறிஞ்சல் நடக்கும். மூன்று பாக ஏர்லாக்காக இருந்தால் அதிலுள்ள திரவம் பியருக்குள் போய்விடும். எஸ் வடிவமானால் திரவம் தங்கும், காற்று புகும். நொதித்தலின்போதே கரியமில வாயுவால் நிரம்பிய பலூன் ஒன்றை ஏர்லாக் இடத்தில் மாட்டி வைத்தால், உள்ளே போவது அந்த வாயுவாகவே இருக்கும். துளையை இறுக அடைத்துவிட்டுக் குளிரூட்டாதீர்கள். வாளியின் சுவர் உள்வாங்கிவிடும்.

11. நொதித்தல் நடுவில் கசிவு தெரிந்தால்

மூடியைக் கழற்றாதீர்கள். வெளிப்புறமாக விளிம்பைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். பூட்டு விட்டிருந்தால் அப்போதே விழுந்துவிடும். ஏர்லாக் ரப்பரைக் கிருமிநீக்கியில் நனைத்துச் சற்றுத் திருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காத கசிவுக்கு, உணவு சுற்றும் பிளாஸ்டிக் படலத்தை மூடியோடு சேர்த்து விளிம்பைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். ஆஸ்திரேலியாவில் பலர் மூடியையே விட்டுவிட்டு, இப்படலத்தை வாய்க்கு இழுத்துக் கட்டி, மூடியின் ஓ-ரிங்கை அதன்மேல் மாட்டி, சிறு ஊசித்துளை ஒன்றை விட்டுப் பியர் காய்ச்சுகிறார்கள். நொதித்தல் முடிந்ததும் தாமதிக்காமல் பாட்டிலுக்கு மாற்றுபவர்களுக்கு அது போதுமானதே.

பாட்டிலில் அடைத்து முடித்ததும் கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவி, மூடியிலிருந்து தனியாக, மடக்காமல் வையுங்கள். மூடிக்குள்ளேயே விட்டுப் பூட்டி வைத்தால் அடுத்த முறை எடுக்கும்போது அது தட்டையாகிக் கிடக்கும். அடுத்த முறை வோர்ட் காய்ச்சும் நாளுக்கு முந்தைய மாலையில் நான்காம் படியின் சோதனையை ஒரு முறை செய்துவிடுங்கள். வோர்ட் ஆறிக்கொண்டிருக்கும்போது கேஸ்கட் தேடிக் கடைக்கு ஓட நேரம் இருக்காது.